அடகு வைத்ததைத் திருப்புவது

‘மீட்பு’ என்ற சொல் நம் ஊர்களில் மூன்று இடங்களில் கண்ணில் படும். தீயணைப்பு வண்டியில், கத்தோலிக்கக் கோயில் சுவரில், அடகு நகையை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கடைப் பலகையில். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் ‘இரட்சிப்பு’ என்பதே புழக்கம். ஆனாலும் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் 1 பேதுரு 1:18இல் வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்லாமல் ‘மீட்கப்பட்ட’ கதைதான் வருகிறது. வீட்டுப் பெண்கள் இதையே ‘நகையத் திருப்பணும்’ என்பார்கள். மனம் திரும்புவதும் நகை திருப்புவதும் ஒரே சொல்லில் வந்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். இந்தக் கட்டுரைக்கு அது வசதி.

விஷயம் இதுதான். ஒருவர் கன்வென்ஷன் கூட்டத்திலோ தியானத்திலோ ஆஸ்பத்திரிப் படுக்கையிலோ மனந்திரும்புகிறார். ஞாயிறு சாட்சியும் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை, ஏமாற்றி வாங்கிய பணமும் வரப்பைத் தள்ளி வெட்டிய நிலமும் அக்காவிடம் வாங்கிய கையெழுத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? பிரசங்கங்களில் இதற்கு ஒரு வரி கிடைக்கும்: ‘சரிசெய்துகொள்ளுங்கள்.’ எப்படி என்பதைச் சபை மூப்பர்களும் உபதேசியார்களும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துத்தான் வழக்கம்.

முதலில் வரிசை. லூக்கா 19இல் ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்) தலைவன் சகேயு காட்டத்தி மரத்தில் இருக்கும்போதே, ‘இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்’ என்று இயேசுவின் அழைப்பு வந்துவிடுகிறது. பணத்தைத் திருப்பித் தருவதாக அவன் சொல்வது அதற்குப் பிறகு. கொடுத்துத் தீர்த்தால் மன்னிப்பு கிடைக்கும் என்று ஆரம்பிப்பவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள், கடன் பட்டியல் எப்போதும் கையிருப்பைவிட நீளம் என்பதால். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று தொடங்குகிறவருக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வருடக்கணக்கில் அடைக்கப் பொறுமை இருக்கும்.

இனி எவ்வளவு. மோசே சட்டத்தில் இதற்குத் தெளிவான விகிதம் இருக்கிறது. ஆட்டைத் திருடிக் கொன்றோ விற்றோ பிடிபட்டவன் ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு தரவேண்டும் (யாத்திராகமம் 22:1). தானே வந்து ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் போதும் (லேவியராகமம் 6:5, எண்ணாகமம் 5:7). சகேயு தானாக வந்தவன், 20 சதவீதம் போதும் அவனுக்கு. அவனோ திருடனுக்கான நாலு மடங்கைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அதற்கு முன்பே சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றும் சொல்லிவிட்டான். மீதிப் பாதியிலிருந்துதான் நாலு மடங்கு. அநியாயமாய் வாங்கியது அவன் மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் காலணா மிஞ்சாது. கணக்குத் தெரிந்தவன் தெரிந்தே சொன்னது.

நமக்கு நாலு மடங்கு கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை. ஐந்தில் ஒன்று கூட்டுவது குறைந்தபட்ச மரியாதை. 25,000 ரூபாய் என்றால் 30,000. இது ரொக்கத்துக்கு மட்டும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. வாங்கியது தங்கமானால் தங்கமாகவே, எடைக்கு எடை. 2005இல் நாத்தனாரிடம் வாங்கி விற்ற ஒரு பவுன் மோதிரத்துக்கு அன்றைய விலையோடு 20 சதவீதம் கூட்டிக் கொடுத்தால், அது இரண்டாவது தடவை ஏமாற்றுவது. 8 கிராம் வாங்கினால் 8 கிராம். நிலம் என்றால் நிலம்.

பட்டியலை 40 பக்க நோட்டில் எழுதலாம். லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், தொடங்குகிறவர்கள் அதிகம். பக்கத்தில் ஆறு கட்டம் போதும்: யாருக்கு, என்ன, எந்த வருடம், எவ்வளவு, அவர் இருக்கிறாரா, முடிந்த தேதி. கூட்டம் முடிந்த அன்று இரவே எழுதக் கூடாது. அழுகை வந்த இரவில் பாதி விஷயங்கள் பெரிதாகத் தெரியும், பாதி மறந்துபோகும். ஒரு வாரம் விட்டு, பகலில், பழைய பாஸ்புக்கையும் டைரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதவேண்டும். ‘நிறைய பேருக்கு துரோகம் செய்தேன்’ என்ற மாதிரி வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆள், தொகை, வருடம். பெயர் இல்லாத பாவத்தை அறிக்கையிடுவது சுலபம், அதனாலேயே அது பயனில்லை.

எழுதியதை வரிசைப்படுத்தும்போது, கேட்கத் தெம்பில்லாதவர் முதலில் வரவேண்டும். வீட்டு வேலை செய்த அம்மாவுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த சம்பளம், கொத்தனாருக்கு இழுத்தடித்த பாக்கி, தையல்காரர், இஸ்திரி வண்டிக்காரர். வசதியான பங்காளிக்குத் தரவேண்டிய இரண்டு லட்சத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் அவரிடம் ஓடுவார்கள். அதில் பெயர் கிடைக்கும். வேலைக்காரப் பெண்ணின் மூவாயிரத்துக்குக் கூட்டம் சேராது.

இரண்டு பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒன்று, திருப்பித் தரவேண்டிய பணத்தைக் காணிக்கைப் பையில் போடுவது. கடன் கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, கடவுளிடம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று ஒரு சமாதானம். பெற்றோருக்குத் தரவேண்டியதைக் ‘கொர்பான்’ (கடவுளுக்கான காணிக்கை) என்று சொல்லித் தப்பித்தவர்களைப் பற்றி மாற்கு 7இல் வரும் கண்டனம் இதற்கு நேராகப் பொருந்தும். விவரம் தெரிந்த சபை ஐயர் (போதகர்) அந்தக் காணிக்கையை வாங்காமல், ‘முதல்ல அவருட்ட கொடுத்துட்டு வாங்க’ என்று அனுப்பிவிடுவார். இன்னொன்று, ஒரேயடியாகத் தீர்க்கவேண்டும் என்று மைக்ரோ ஃபைனான்ஸில் புதுக்கடன் எடுப்பது, அல்லது மனைவிக்குத் தெரியாமல் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுப்பது. பழைய பாவத்துக்குப் புதுப் பாவத்தில் சில்லறை மாற்றுவது இது. குடும்ப ஜெபத்துக்குப் பிறகு நோட்டை எடுத்துக் கணவன் மனைவி இருவரும் பார்த்து, மாதம் எவ்வளவு ஒதுக்கமுடியும் என்று முடிவுசெய்தபிறகே முதல் ஆளிடம் போகவேண்டும்.

போய் என்ன பேசுவது? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சொதப்புகிறார்கள். உட்கார்ந்ததும் தன் மனமாற்றக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் அதைக் கேட்கக் கடமைப்பட்டவர் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்து மளிகைக்கடை என்று வைத்துக்கொண்டால் பேச்சு இவ்வளவுதான்:

‘அண்ணாச்சி, 2014ல ஒங்க கடையில 3,400 ரூவா பாக்கி வச்சேன். குடுக்காமலே தெரு மாறிப் போயிட்டேன். அது நான் செஞ்ச தப்பு. இதுல 4,080 இருக்கு.’

அவ்வளவே. ‘அப்ப எங்க நெலமை அப்படி’ வேண்டாம். ‘ஆனா நீங்களும் அன்னைக்கு’ வேண்டவே வேண்டாம். ‘மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க’ என்பதுதான் இருப்பதிலேயே மோசம். கடன்பட்டவர் போய்க் கடன் கொடுத்தவரிடம் இன்னொன்று கேட்கிற மாதிரி அது. தொகையையும் வருடத்தையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும்.

அண்ணாச்சி மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். ‘அதெல்லாம் எதுக்குடே’ என்று கையை ஆட்டினால், ‘இல்ல அண்ணாச்சி, இது ஒங்க காசு’ என்று இன்னொரு தடவை சொல்லி மேசைமேல் வைக்கலாம். மூன்றாவது தடவை வற்புறுத்துவது சண்டையாகிவிடும், விட்டுவிடவேண்டும். அவர் கொதித்தால், பத்து வருடம் அடக்கியதைக் கொட்டட்டும், நின்று கேட்கவேண்டும். வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் ‘என்ன வேணும்’ என்று கேட்டால், அதுவும் முழுப் பதில்தான். கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு இந்த மூன்றாவதுதான் கஷ்டமாக இருக்கும்.

கைமாற்று, புரோநோட்டுக் கடன்களில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக்கு மூன்று வருடம் தாண்டினால் கோர்ட்டில் கேட்கமுடியாது. ‘நோட்டு காலாவதியாயிட்டு’ என்று நிம்மதியாகச் சொல்லும் விசுவாசிகள் இருக்கிறார்கள். செத்தது வழக்குத்தான், கடன் இல்லை. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தால் அது செல்லும் என்று ஒப்பந்தச் சட்டமே 25(3)ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படி எழுதிக்கொடுத்துத் தவணையில் அடைப்பது கையில் மொத்தமாக இல்லாதவருக்கு நல்ல வழி. கடைசித் தவணை கட்டியதும் பழைய நோட்டைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு, வரவான தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடவேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். ‘தேவ பிள்ளைகளுக்குள்ள எதுக்கு ரசீது’ என்பார்கள். இரண்டு பேரும் போனபிறகு பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான்.

கடன் கொடுத்தவர் இறந்துபோயிருந்தால்? எண்ணாகமம் 5:8 இதையும் யோசித்திருக்கிறது: நெருங்கிய உறவினருக்கு, அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் ஆசாரியனிடத்தில். இன்று வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள எல்லாருக்கும் பிரித்துத் தரவேண்டும். மூத்த மகன் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த வீட்டில் புதுச் சண்டைக்கு விதை போட்டாயிற்று. வாரிசே இல்லையென்றால் ஏழைகளுக்கு.

முகம் காட்டமுடியாத நிலை என்றால் கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதில்) ஒரு பழைய வழி உண்டு. பங்குச் சாமியிடம் உறையைக் கொடுத்தால், யார் தந்தது என்று சொல்லாமல் உரியவரிடம் சேர்த்துவிடுவார். திருடியதைத் திருப்பித் தரும் எண்ணம் இல்லாதவருக்குப் பாவமன்னிப்பு வார்த்தை பயன்படாது என்பது அவர்களின் உறுதியான போதனை. மற்ற சபைகள் இதைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

அரசாங்கத்துக்குத் தரவேண்டியதைப் பலரும் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. டிக்கெட் எடுக்காத ரயில் பயணத்துக்கு, அதே தூரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கிழித்துப்போடுவது பழைய வழக்கம். எளிது. வருமான வரியில் மறைத்தது என்றால் புதுப்பித்த கணக்கை (updated return) தாக்கல் செய்ய இப்போது மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம் இருக்கிறது. முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் வருடம் 50, பிறகு 60, 70. மோசே கேட்டது 20. மின்திருட்டு, லஞ்சம் போன்று குற்றவழக்கு வரக்கூடியவற்றில் ஜெபம் முடித்த கையோடு வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போகவேண்டும். தண்டனைக்குப் பயந்து ஒளிவதற்காக இல்லை. யாரிடம், எந்த வடிவத்தில் சொல்வது என்று தெரியாமல் போய் நின்றால் இடையில் ஒருவர் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

நிலம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபத்தில் வராத, சாட்சியில் வராத பெரிய திருட்டு அங்கேதான் இருக்கிறது: அக்கா தங்கையின் பங்கு.

அப்பா உயில் எழுதாமல் இறந்தால் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி மூன்றில் இரண்டை ஆண், பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். 90 சென்ட் நிலம், அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் அம்மாவுக்கு 30, பிள்ளைகள் மூவருக்கும் தலா 20. ‘நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே’ என்ற வாதம் எல்லா வீட்டிலும் வரும். அதற்கும் 49ஆம் பிரிவில் பதில் இருக்கிறது: உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கமுடியாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வாதத்துக்கு வேர் ஆழம். 1956 வரை அது திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அங்கே 1916ஆம் வருடக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கேரளத்தில் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் மாறி இத்தனை வருடமாகியும், கல்யாணத்துக்கு முந்தின வாரம் தங்கச்சியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. வாங்குகிற அண்ணன் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியிலும் இருப்பார்.

இதைத் திருப்புவது எப்படி? பதிவான விடுதலைப் பத்திரத்தைக் கிழித்துப்போட்டால் ஒன்றும் ஆகாது. அண்ணன் தன் பெயரில் வந்த நிலத்திலிருந்து அவள் பங்கை அளந்து, அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதியவேண்டும். பத்திரச் செலவும் பட்டா மாற்றும் செலவும் அண்ணனுடையவை. சர்வேயரை வரவழைத்துக் கல் நட்டபிறகே எழுதவேண்டும். அளக்காமல் ‘வடக்க ஓரமா 20 சென்ட்’ என்று எழுதினால் பாதை இல்லாத, தண்ணீர் வராத துண்டுதான் அவளுக்கு வாய்க்கும். நிலத்தை விற்றாகிவிட்டது என்றால் இன்றைய விலையில் அவள் பங்கு. விற்ற வருடத்து விலையில் இல்லை.

தங்கச்சி ‘வேண்டாண்ணே’ என்பாள். பெரும்பாலும் சொல்வாள், அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லித் திரும்பி வந்துவிடக் கூடாது. பத்திரத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், பிறகு வைத்துக்கொள்வதும் கொடுத்துவிடுவதும் அவள் பாடு.

சொல்லால் செய்த கெடுதலுக்கு வேறு முறை. ஒருவரைப் பற்றிப் பொய்யாகப் பரப்பியிருந்தால், நேரே அவரிடம் போய் ‘உங்களப் பத்தி இப்படிச் சொன்னேன்’ என்று அழுவது பாதி வேலை. முதலில், யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடம் போய் ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்லவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் அதே குழுவில், அதே நீளத்தில். எல்லாரும் தூங்கும் நேரத்தில் போட்டு, காலையில் அழிப்பது கணக்கில் வராது.

மனதுக்குள் மட்டும் நினைத்த பொறாமை, இச்சை, வெறுப்பு இவற்றை உரியவரிடம் போய்ச் சொல்லவே கூடாது. ‘உங்களை இத்தனை வருஷம் வெறுத்தேன், இப்ப கர்த்தர் எடுத்துப்போட்டார்’ என்று ஒருவர் இறக்கிவைக்கும் சுமை, அதுவரை ஒன்றும் அறியாதிருந்தவர் தலையில் ஏறுகிறது. குறிப்பாக, ஆண்கள் பெண்களிடம் போய் இச்சையை ‘அறிக்கையிடுவது’ அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தொல்லை. போதகரிடமோ பாவசங்கீர்த்தனத்திலோ முடியவேண்டியது அது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று. மன்னிக்கவேண்டியவரை அவசரப்படுத்தும் பழக்கம் சபைகளில் இருக்கிறது. திருவிருந்துக்கு முந்தின நாள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கைகுலுக்கவைத்து, போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். மத்தேயு 5:23–24, குறை செய்தவனைத்தான் காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போகச் சொல்கிறது. அடிபட்டவரை நடக்கச் சொல்லவில்லை. அடி உதையும், பிள்ளைகள்மேல் கைவைத்ததும் சபைக் கமிட்டியில் ‘சமாதானம்’ பேசும் விஷயங்களே அல்ல. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீஸில் சொல்லியாகவேண்டும் என்பது 2012ஆம் வருட போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் அதுவே தனிக் குற்றம். செய்தவர் உண்மையாகவே மனந்திரும்பியிருந்தால் அதைக் காட்ட அவருக்குக் கிடைக்கும் முதல் இடம் காவல் நிலையம்.

பெரிய கணக்குகள் அடைய வருடங்கள் ஆகும். இடையில் புதுசு சேராமல் பார்ப்பதற்குச் சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் போதும். பால் பாக்கி, ஆட்டோவுக்குச் சில்லறை இல்லாமல் விட்ட 20 ரூபாய், பக்கத்து வீட்டில் வாங்கி வந்த ஒரு டம்ளர் சர்க்கரை. ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையை இஸ்திரி வண்டியிலிருந்து கடனுக்கு வாங்கிவந்து போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த வண்டிக்காரர் கிறிஸ்தவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

நோட்டைப் புரட்டும்போது பெரும்பாலான ஆண்கள் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு: மனைவியின் நகை. கல்யாணமான மூன்றாம் மாதம் ‘தொழிலுக்கு’ என்று வாங்கி அடகில் போனது. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே வருவது. வரதட்சணையாக வந்த எதுவும் அந்தப் பெண்ணுக்கே உரியது, மூன்று மாதத்துக்குள் அவளிடம் சேர்க்கவேண்டும் என்று 1961ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டமே சொல்கிறது. ஆகவே மற்றவர் கடனுக்கெல்லாம் முன்னால் இதை வைத்தாலும் தப்பில்லை. வட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாக முதலையும் கட்டி வரவேண்டும், வட்டியை மட்டும் கட்டினால் நகை எந்நாளும் வீடு வராது. முழுத்தொகையும் கட்டும் நாளில் அடகுச் சீட்டு, ஆதார், தொகை மூன்றோடும் அவளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கவுன்டரை விட்டு நகருவதற்கு முன் பையின் சீலை அவள் முன்னால் உடைக்கச் சொல்லி, சீட்டில் எழுதிய எண்ணிக்கை, மொத்த எடை, கல் கழித்த எடை மூன்றையும் தராசில் வைத்துச் சரிபார்க்கவேண்டும். செயினின் கொக்கி, கம்மலின் திருகு, தொங்கட்டானின் மணி இவைதான் காணாமல் போகும். வெளியே வந்தபிறகு கேட்டால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

பிறகு அதை அவள் கையில் கொடுக்கவேண்டும். நம் பெயரில் இருக்கும் லாக்கரில் இல்லை. அடுத்த மாதமே தன் தம்பியின் படிப்புக்கென்று அவள் அதை மறுபடி கொண்டுபோய் அடகு வைத்தாலும், ஏன் என்று கேட்கக் கூடாது.